கொடைக்கு எல்லை உண்டா?

அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியையும், கேட்டு வந்தவன் இன்னான் என்று அறிந்திருந்தும் உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலங்களையும் அறுத்துக் கொடுத்த கர்ணனையும், கொழுகொம்பின்றித் துவண்ட முல்லைக்குத் தான் ஏறிவந்த தேரையே நிறுத்திவிட்டுப் போன பாரியையும் கேட்டு வளர்ந்த நமக்கு, கொடை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எல்லையின்மை என்ற எண்ணமும் உடன் எழுந்துவிடுகிறது. அளவு பார்த்துக் கொடுப்பவனை நாம் உலோபி என்று ஏசாவிட்டாலும், வள்ளல் என்று வாழ்த்த நமக்கு நா எழுவதில்லை. ஆனால் கொடுத்தவனுடைய மறுநாட் காலை எப்படி விடிந்தது என்பதைக் கதைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. கொடுப்பதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அன்பின் குறைபாடா, அல்லது அன்பின் அங்கமே அதுதானா என்ற பிரச்னை, நாள்தோறும் ஒருவரையொருவர் தாங்கி வாழவேண்டியிருக்கும் சாதாரண மனிதர்களுக்கு வெறும் வேதாந்த விசாரமன்று.

இந்தப் பிரச்னையை நான் மிக அருகில் நின்று பார்த்தது தர்மசாஸ்திர ஏடுகளில் அல்ல. அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் சஞ்சரிக்கும் பிக்கப் லாரிகளின் பானெட்டுக்கு அடியில்தான். பிக்கப் லாரியின் பின்தட்டிலே அப்படியே உள்ளே தள்ளி ஏற்றி, நான்கு மூலைகளிலும் முறுக்கிக் கட்டி, வேண்டாதபோது நான்கு ஜாக்கிகளின்மேல் தூக்கி நிறுத்திவிட்டு லாரியை மாத்திரம் ஓட்டிக்கொண்டு போகும்படி அமைந்த சிறு வீட்டுக்குக் கேம்பர் என்று பெயர். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாம் அந்த எட்டடி பத்தடிக்குள் அடங்கியிருக்கும். நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக் தம் தேசத்தை மறுபடியும் கண்ணாரக் காணவேண்டுமென்று, 1960ஆம் ஆண்டு செப்டம்பரில், சார்லி என்ற நாயைத் துணையாக அழைத்துக்கொண்டு புறப்பட்டது இத்தகைய வண்டியில்தான். டான் குவிக்ஸோட்டின் குதிரையுடைய பெயராகிய ரோஸினாண்டே என்பதையே அதற்கும் இட்டார். அவர் பிறந்த ஸலினாஸ் நகரத்துக் காட்சிசாலையில் அது இன்றும் நிற்கிறது.

இத்தகைய வண்டியில் இரண்டு பாட்டரிகள் உண்டு. ஒன்று லாரிக்குரியது, பானெட்டுக்குள் இருப்பது, எஞ்சினைக் கிளப்புவதே அதன் வேலை. மற்றொன்று வீட்டுக்குரியது, கேம்பரின் பக்கவாட்டு அறையில் இருந்துகொண்டு விளக்கையும் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் நடத்துவது. 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயமும் கந்தகத் திராவகமும்தான் இரண்டுக்கும் மூலம், ஆறு அறைகள், நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட், பாதி இறங்கினால் 12.2 வோல்ட்டை ஒட்டி. ஆயினும் இரண்டின் ஸ்வபாவம் வேறு. லாரியின் பாட்டரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஐந்து விநாடிக்கு இருநூறு ஆம்பியர் கேட்டாலும் வீறுடன் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுவிடும். அதை அடிவரை இறக்கினால், அதுவும் திரும்பத் திரும்ப இறக்கினால், அதன் ஆயுள் தேய்ந்துபோகும். வீட்டுப் பாட்டரியின் தகடுகள் தடித்தவை. இரவெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து, பாதிவரை இறங்கி, மறுபடி நிறைவதற்கென்றே வார்க்கப்பட்டவை. ஒரே பொருளில் பிறந்த இரண்டுக்கு இரண்டு ஸ்வதர்மங்கள்.

லாரி ஓடும்போது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலான மின்சாரத்தை உண்டாக்குகிறது. லாரிக்கு வேண்டியதுபோக அதில் நிறைய மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கேம்பருக்கும் கொடுத்தால் என்ன என்று நினைப்பது இயற்கை. ஒரு பாட்டரியிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி இழுத்து, பாஸிட்டிவ் முனையைப் பாஸிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணியவர்கள் பலர். பகலெல்லாம் அது நன்றாகத்தான் நடக்கும். இரவு வந்து எஞ்சின் நின்றதும் கதை மாறுகிறது. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது மின்சாரத்துக்குத் தெரியாது. எங்கே அழுத்தம் அதிகமோ அங்கிருந்து குறைந்த இடத்துக்கு அது பாயும், அவ்வளவே. கேஸிலும் கரண்டிலும் ஓடக்கூடிய பழைய வகைக் குளிர்பெட்டி கரண்டில் ஓடும்போது பத்து ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் எண்பது ஆம்பியர்-மணி. வீட்டுப் பாட்டரி இறங்க இறங்க லாரியின் பாட்டரியும் கூடவே இறங்கும். அரிஸோனாவில் க்வார்ட்ஸைட் என்ற ஊரைச் சூழ்ந்த பாலையில், மத்திய அரசின் நிலநிர்வாகப் பணியகத்துக்குச் சொந்தமான வெட்டவெளியில், அடுத்த மனிதரின் கூரைகூடக் கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கியவர், விடிந்ததும் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்காது. விளக்கும் எரியாது. இரண்டு பாட்டரிகளும் ஒன்றாக மாண்டிருக்கும். எல்லையில்லாமல் கொடுத்தவன் கொடுக்கும் சக்தியையே இழந்தான்; பெற்றவனுக்கோ நாளை கொடுப்பதற்கு ஒருவனும் இல்லை. கொடையின் முழுத் தோல்வி இது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இதில் கொடுத்தவனுடைய தியாகம் பெற்றவனுடைய வாழ்வாகக்கூட மாறவில்லை.

ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே வைக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை. பக்கத்துக்கொன்றாக இரண்டு பருத்த செம்புத் திருகாணிகள். கீழே இரண்டு சிறியவை. பெரிய திருகாணிகளில் இரண்டு பாட்டரிகளின் கேபிள்களும், சிறியவற்றில் ஒன்றில் சாவியோடு உயிர்பெறும் மெல்லிய ஒயரும், மற்றதில் எர்த்தும் வந்து சேரும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஓசை. உள்ளே செம்புத் தட்டு ஒன்று இழுபட்டு இரண்டு திருகாணிகளையும் இணைத்துவிடும். சாவியை அணைத்தால் மறுபடி ‘டக்’, இரண்டும் பிரிந்துவிடும். சாவியை நம்பாமல் வோல்ட்டேஜையே பார்த்து நடக்கும் ரிலேயும் உண்டு. லாரியின் பக்கம் 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் சேர்க்கும், 12.8 வாக்கில் இறங்கினால் பிரிக்கும். ஆல்டர்னேட்டர் உழைக்காமல் அந்த 13.3 கிட்டாது. எனவே ரிலே கேட்பது, “எவ்வளவு கொடுக்கிறாய்?” என்றல்ல, “எதிலிருந்து கொடுக்கிறாய்?” என்றுதான். ஓடிவரும் பிரவாகத்திலிருந்து கொடுப்பதானால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நாளைக்குப் புறப்படுவதற்கு வேண்டிய மூலதனத்தில் கைவைப்பதானால் ஒரு துளியும் கூடாது.

இந்தப் பாகுபாடு நம்மவர்க்குப் புதிதன்று. வள்ளுவர் ஈகைக்கு அறத்துப்பாலில் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, ஈயாதவனுடைய இன்பத்தை இன்பமே அன்று என்று ஒதுக்கியவர்தான். ஆயினும் தன் ஆற்றலின் அளவறிந்து கொடுக்கவேண்டும் என்பதையும், அளவு பாராத உபகாரத்தால் செல்வம் விரைந்து அழியும் என்பதையும் அங்கே சொல்லாமல், பொருட்பாலில், வலியறிதல் என்ற அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தார். ஈகையின் உள்ளத்தைச் சொன்ன இடத்தில் அளவைப் பேசவில்லை. அளவைப் பேசும்போது அதை வலிமையை அறியும் ஞானமாகப் பேசினார். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் படிப்பவர்கள் அளவையே பிடித்துக்கொண்டு ஈகையை விட்டுவிடுவார்கள் என்று அவர் அஞ்சினாரோ என்னவோ. அந்த அச்சம் நியாயமானதே.

அப்படியானால் சிபி செய்தது பிழையா? ஒருகாலும் இல்லை. சிபியிடம் கேட்கப்பட்டது ஒரு நாழிகையின் கொடை. ஓர் உயிர், ஒரு தராசு, ஒரு தீர்மானம். கர்ணனிடம் கேட்கப்பட்டதும் அத்தகையதே. தன் முடிவைத் தானே ஏற்றுக்கொண்டு ஒரே தடவை கொடுக்கிறவனுக்கு எல்லை கற்பிக்க யாருக்கும் உரிமை இல்லை. நம்மில் பெரும்பாலோர் கொடுக்கவேண்டியதோ அப்படிப்பட்ட கொடையன்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தகப்பனாருக்கு வருஷக்கணக்கில் மருந்து கொடுக்கும் மகளும், நாற்பது பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் உபாத்தியாயரும், இரவில் கதவு தட்டப்படும் வைத்தியரும் கொடுப்பது நாளையும் கொடுக்கவேண்டிய கொடை. இவர்கள் ஒவ்வோர் இரவும் சிபியாக முயன்றால் ஒரு மாதத்துக்குள் நோயாளிக்கு மகளும் இல்லை, பிள்ளைகளுக்கு உபாத்தியாயரும் இல்லை. அந்த மகள் இரவில் நான்கு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், அவள் மனத்தில் குற்றவுணர்ச்சி எழும்படி பேசுகிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிபியின் கதையை மேற்கோள் காட்டினால் அது அந்தக் கதைக்குச் செய்யும் அநியாயம். அவள் தூங்குவதும் அந்தத் தகப்பனாருக்குச் செய்யும் பணிவிடையிலே சேர்ந்ததுதான்.

இனிக் கம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். ரிலேயைச் சரியாக வைத்தும், நாள் முழுவதும் வண்டியை ஓட்டியும், இரவில் கேம்பரின் பாட்டரி நிறையவில்லை என்று குறைப்படுகிறவர்கள் அநேகர். அவர்கள் முதலில் சந்தேகிப்பது ஆல்டர்னேட்டரைத்தான். பெரியதாக வேறொன்று வாங்கிப் பூட்டியும் பயன் காணாமல் திகைப்பார்கள். குற்றம் வழியில் இருக்கும். பானெட்டிலிருந்து கேம்பர்வரை இருபது அடி. போய்த் திரும்ப நாற்பது. அமெரிக்கக் கம்பி அளவையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 12ஆம் எண் கம்பியில் 20 ஆம்பியர் ஓடும்போது அந்த நாற்பதடியில் ஏறத்தாழ ஒன்றேகால் வோல்ட் கரைந்துபோகும், 14.2 என்று புறப்பட்டது 12.9 ஆகப் போய்ச் சேரும். அதைக்கொண்டு பசித்த பாட்டரியில் சார்ஜ் ஏறுவது மிக மந்தம். அதே தூரத்துக்கு 4ஆம் எண் கேபிளைப் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். 1827இல் ஓம் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எழுதிவைத்த சூத்திரத்துக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. கரைந்துபோன அந்த ஒன்றேகால் வோல்ட் எங்கே போயிற்று என்றால், வழிநெடுகக் கம்பியைச் சூடாக்கிற்று. கொடுத்தவன் முழு மனத்தோடு கொடுத்தும் பெற்றவனுக்குப் போய்ச் சேராமல், நடுவழியில் வெறும் சூடாக முடிந்த உபகாரங்கள் குடும்பங்களில் எத்தனை! அங்கே கொடுப்பவனுடைய பரிசுத்தத்தைப் பெருக்குவதால் பிரயோஜனமில்லை, இடைவழியை அகலப்படுத்தவேண்டும்.

கம்பி தடித்தால் மட்டும் போதாது, முனையும் வேண்டும். நல்ல கைவேலைக்காரர் கேபிளின் மேலுறையை அரை அங்குலத்துக்குச் சுற்றிலும் கீறி உரித்து, ஓர் இழைகூட அறுபடாமல் பார்த்து, செம்பு இழைகளை லக் என்னும் முனைத்துண்டின் குழலுக்குள் அடிவரை செலுத்தி, ஹைட்ராலிக் இடுக்கியால் நசுக்கி, பிறகு இரு கைகளாலும் பலங்கொண்டமட்டும் இழுத்துப் பார்ப்பார். வந்துவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார். அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றுவார். லாரியின் தகட்டைத் துளைத்துக் கேபிள் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் ஒன்றைப் பதிப்பார். மலைப்பாதையின் அதிர்ச்சியில் தகட்டின் விளிம்பு வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

போகும் பாதையை இவ்வளவு சிரத்தையோடு செய்துவிட்டு, திரும்பும் பாதையை லாரியின் உடம்பிலுள்ள ஏதோ ஒரு துருப்பிடித்த திருகாணியிடம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் திரும்பி வராத மின்சாரம் போகவும் போகாது. சுற்றின் சரிபாதி அந்தத் திரும்பும் பாதை. கொடையிலும் இப்படித்தான். அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்ஸன் 1844இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் கொடையைப் பற்றியும் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதன் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள விரும்புகிறவன் ஆதலால், கொடுத்தவனை அவன் உள்ளூர முழுதும் மன்னிப்பதில்லை என்பது அவருடைய கூரிய அவதானம். பெறுவது எளிது, கொடுப்பதே அரிது என்று நினைக்கிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். பெறுகிறவனிடமிருந்து எழுந்து திரும்பும் ஒன்று, அதை நன்றி என்றாலும் நட்பு என்றாலும் சரி, கொடைக்குக் கூலியன்று. அது அடைபட்டால் கொடையே நின்றுபோகும்.

கம்பியின் இரு முனைகளிலும், அந்தந்தப் பாட்டரிக்கு மிக அருகில், ஒவ்வொரு ஃபியூஸ் வைக்கவேண்டும் என்பது இதில் மீறக்கூடாத விதி. வீட்டு மின்சாரத்தில் சக்தி ஒரு பக்கத்திலிருந்தே வருவதால் அந்தப் பக்கம் ஒரு ஃபியூஸ் போதும். இங்கே இரு முனைகளிலும் சக்தி இருக்கிறது. நடுவே எங்கேனும் கேபிளின் உறை தேய்ந்து சாசியில் பட்டுவிட்டால் இரண்டு பாட்டரிகளும் அந்த ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தீப்பிடிக்க நிமிஷம் ஆகாது. லாரியின் பக்கம் மாத்திரம் ஃபியூஸ் வைத்தவர், வாங்குகிறவனுக்கு எரிக்கும் வல்லமை கிடையாது என்று எண்ணியவர். அது பெரும் பிழை. ஏழை என்றும் நோயாளி என்றும் சிறியவன் என்றும் நாம் இரங்கி நெருங்குகிறவனுக்குள்ளும் ஒரு முழுச் சக்தி குடியிருக்கிறது. அதற்கு அஞ்சவேண்டியதில்லை, ஆனால் அதை மதிக்காத இரக்கம் ஆபத்தானது.

கொடுப்பவன் என்று நாம் இதுவரை சொல்லிவந்த லாரியின் பாட்டரி உண்மையில் கொடுக்கிறதா? அதற்குக் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அதைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வரும் பெல்ட். எஞ்சினை எரிப்பது பெட்ரோல். அந்தப் பெட்ரோலோ கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் சமுத்திரத்தில் மிதந்த நுண்ணுயிர்கள் சூரியனிடமிருந்து வாங்கிச் சேர்த்தது. மத்வாசாரியார் உள்பொருள்களை ஸ்வதந்திரம், பரதந்திரம் என்று இரண்டாகப் பிரித்து, ஸ்வதந்திரமானது ஒன்றே, மற்றவையெல்லாம் அதைச் சார்ந்தவை என்றார். ஜீவனுக்கு அடிமைத்தனம் விதிப்பதாக இதைச் சிலர் கேட்டு வருந்துவார்கள். எனக்கோ இதைவிட ஆறுதலான சித்தாந்தம் இல்லை. கொடுக்கிறவன் நடுவில் நிற்கிற ஒரு கண்ணியே என்றால், அவன் தலைமேல் ஏறியிருந்த கொடையாளி என்ற பாரம் இறங்கிவிடுகிறது. பெறுகிறவனுக்கு எமர்ஸன் கண்ட அந்த மனக்கசப்புக்கும் காரணம் இல்லாமல் போகிறது. எல்லை வகுத்துக்கொள்வதிலும் அப்போது வெட்கமில்லை. முழுவதும் தன்னுடையதே என்றிருப்பவன்தான், ஒரு பங்கை நிறுத்திவைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொள்ளவேண்டும்.

எல்லை பெறுகிறவனுக்கும் உண்டு. ஈயப் பாட்டரி தானாகவே அதைக் கடைப்பிடிக்கிறது. ஐந்தில் நான்கு பங்குவரை விரைவாக வாங்கிக்கொண்டு, கடைசிப் பங்கை மணிக்கணக்கில்தான் ஏற்கும். நாம் அவசரப்படுத்தி ஆவதொன்றுமில்லை. அருள் எப்போதும் உளது, மலபரிபாகத்துக்கேற்பவே, அதாவது உயிரைப் பற்றிய மலம் பக்குவப்படுவதற்கேற்பவே, அது பதிகிறது என்று சைவ சித்தாந்திகள் சொல்வது இதன் அருகில் நின்றால் நன்றாக விளங்குகிறது. இப்போது வந்திருக்கும் லித்தியம் பாட்டரி வேறு விதம். அதன் உள்தடை மிகக் குறைவு. கிடைப்பதையெல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சும். வண்டி மெதுவாக ஓடும்போது, குளிர்விக்கும் காற்றும் குறைந்த வேளையில், அவ்வளவும் கொடுக்க முயன்று ஆல்டர்னேட்டர் கொதித்துக் கெடுவதுண்டு. ஆகவே ரிலேக்குப் பதிலாக, இருபதோ நாற்பதோ ஆம்பியருக்குமேல் கேட்காத டிசி-டிசி சார்ஜர் ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். தன் பசியின் அளவைக் கொண்டல்லாமல் கொடுப்பவனுடைய தாங்கும் சக்தியைக் கொண்டு கேட்கத் தெரிந்திருப்பதும் ஒரு தர்மமே. இதைப் பற்றி நம் நூல்கள் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கேம்பருக்குச் சார்ஜ் ஏற்றுகிறவர்களையும் அந்தப் பாலைவன முகாம்களில் காணலாம். அது வீண். நின்று சுழலும் எஞ்சினில் ஆல்டர்னேட்டரின் வேகம் குறைவு, ஈவதும் குறைவு. எரியும் பெட்ரோலோ மிகுதி. தன் வழியே தான் போய்க்கொண்டிருக்கும்போதுதான் லாரியால் நன்றாகக் கொடுக்க முடிகிறது. நாட்கணக்கில் ஓரிடத்தில் தங்குகிறவர்கள் கூரையில் சூரியத் தகடு பதித்து, மூலத்திலிருந்தே நேராக வாங்கிக்கொள்வதுதான் உசிதம்.

கடைசியாக ஒன்று. கனமான கேபிளும் அதற்கேற்ற ஃபியூஸும் ரிலேயும் போட்ட சில வண்டிகளில், டாஷ்போர்டில் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். விளக்கை அணைக்க மறந்தோ, குளிரில் சோர்ந்தோ லாரியின் பாட்டரி படுத்துவிட்ட காலையில், அந்த ஸ்விட்சை அழுத்தினால் ரிலே எஞ்சின் ஓடாமலே சேரும். இதுவரை பெற்றுவந்த வீட்டுப் பாட்டரி லாரிக்குக் கொடுக்கும். விரலை எடுத்தால் பிரிந்துவிடும். நிரந்தரமாகச் சேர்ந்திருக்க அதில் இடமில்லை. செல்ஃப் மோட்டார் இருநூறு ஆம்பியர் வீதம் ஐந்து விநாடி இழுத்தாலும் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரவெல்லாம் குளிர்பெட்டி தின்ற எண்பதுக்கு முன் அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு வீறுடன் வரவேண்டும். இரவில் தன்னை முற்றும் வடித்துவிட்ட பாட்டரியால் அந்த வீறைத் தர முடியாது. எஞ்சின் பிடித்துவிட்டால், வீட்டுப் பாட்டரி கொடுத்ததை ஆல்டர்னேட்டர், வண்டி முகாமைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடும்.